சப்பாத்தி ஏன் உப்புகிறது, ஏன் வரட்டியாகிறது

சுகருக்காக, எடைக்காக, பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்காக என்று ஏதாவது ஒரு காரணத்தில் சென்னையில் பல வீடுகளின் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி என்றாகிவிட்டது. ஆனாலும் “கல்லிலேர்ந்து எடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, தட்டுக்கு வர்றதுக்குள்ள வரட்டியாயிடுச்சு” என்ற புலம்பல் மட்டும் ஓய்ந்தபாடில்லை. பழி பெரும்பாலும் மாவு பிராண்டின் மேல் விழும். அடுத்த மாதம் வேறு பாக்கெட் வரும். சப்பாத்தி அப்படியேதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது தண்ணீரை. மாவில் எவ்வளவு போனது, எவ்வளவு நேரம் ஊறியது, தேய்க்கும்போது எவ்வளவு காய்ந்தது, கல்லில் எவ்வளவு வேகமாக ஆவியானது, வெந்த பிறகு எவ்வளவு மிஞ்சியது. சப்பாத்தி மெத்தென்று வருவதும் வராததும் இந்த இடங்களில்தான் தீர்மானமாகிறது. முதலில் எண்ணெய் இல்லாமல் நெருப்பில் உப்பும் புல்காவை எடுத்துக்கொள்வோம். அது கைக்கு வந்துவிட்டால், நம் வீடுகளில் எண்ணெய் தடவி முக்கோணமாக மடித்துப் போடும் சப்பாத்திக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

மாவுக்குள் என்ன நடக்கிறது

கோதுமை மாவில் பெரும்பங்கு மாவுச்சத்து. புரதம் 100 கிராமுக்கு 10 முதல் 12 கிராம் வரை இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வலையாகின்றன. குளூட்டன் என்பது இந்த வலைதான். கண்ணால் பார்க்க வேண்டுமானால், பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே இருங்கள். தண்ணீர் வெள்ளையாகும். அது மாவுச்சத்து; கோதுமை அல்வாவுக்குப் பிழிந்தெடுக்கிறோமே, அதே பால். நாலைந்து முறை தண்ணீரை மாற்றிய பின் கையில் மிஞ்சுவது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தவிட்டுத் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்புப் பசைதான் குளூட்டன். அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ இது கிடையாது. அதனால்தான் அரிசி ரொட்டிக்கு மாவைக் கொதிநீரில் கிளற வேண்டியிருக்கிறது, கேழ்வரகு அடையைக் கையால் தட்ட வேண்டியிருக்கிறது.

தேய்த்த வட்டத்தைச் சூடான கல்லில் போட்டதும் அடிப்பக்கம் இறுகி மெல்லிய தோலாகிறது. திருப்பிப் போட்டதும் மறுபக்கமும் அப்படியே ஆகிறது. இரண்டு தோலுக்கும் நடுவில் மாவு இன்னும் ஈரம். இப்போது சூடு கூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு பெருக்கிறது. வெளியேற வழியில்லாத ஆவி இரண்டு தோலையும் பிரித்துத் தள்ளுகிறது. உப்புவது இதுதான். சோடாவுக்கோ ஈஸ்ட்டுக்கோ இதில் வேலையே இல்லை. முழுதாக உப்பிய புல்காவைப் பிய்த்துப் பார்த்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மெல்லிய ஏடுகள் தெரியும்.

உப்புவது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே பிடிபட்ட ஆவி நடுப்பகுதியைச் சில வினாடிகளில் வேகவைத்துவிடுகிறது. உப்பாத சப்பாத்தியின் உள்மாவு வேக, அது கல்லிலேயே கூடுதல் நேரம் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளித்தோலின் ஈரம் முழுக்கப் போய்விடும். உப்பாததும் வரட்டியாவதும் பெரும்பாலும் ஒரே வீட்டில் நடப்பதற்குக் காரணம் இதுவே.

எந்த மாவு

கடையில் ஆட்டா என்று விற்பது தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு. கல் சக்கியில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்களில் ஒரு பகுதி உடைந்துபோகிறது. உடைந்த துகள் முழுத் துகளைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். தவிடும் தன் பங்குக்குக் குடிக்கும். மைதாவில் பூரியும் பரோட்டாவும் செய்து பழகிய கை, அதே அளவு தண்ணீரை ஆட்டாவுக்கு ஊற்றினால் மாவு முறுக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

ரேஷனில் வாங்கிய கோதுமையையோ மளிகைக் கடைக் கோதுமையையோ தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைப்பவர்கள் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டால் போதும். கல், தூசு பொறுக்கி வெயிலில் காயவைத்துக் கொண்டுபோங்கள். “முன்னாடி என்ன அரைச்சீங்க?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், மிளகாய் அரைத்த கையோடு கோதுமை போட்டால் முதல் அரைக் கிலோ கெட்டது. வீட்டுக்கு வந்ததும் சூடான மாவை டின்னில் அடைக்காமல் அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடிக்கு அடியில் வேர்த்து, மாவு கட்டிபட்டு, சீக்கிரம் வண்டு விழும். முளைப்பகுதியின் எண்ணெய் மாவிலேயே இருப்பதால் சென்னை வெப்பத்தில் ஒரு மாதத்துக்குமேல் வைத்தால் சிக்கு வாடை வரும். கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதே லாபம்.

சம்பா கோதுமை ரவைக்கும் கஞ்சிக்கும் அல்வாவுக்கும் பிரமாதம். சப்பாத்திக்கு அதன் பசையில் இழுவை போதாது. தேய்க்கும்போது ஓரம் பிளக்கும். உடம்புக்கு நல்லது என்று அதைத்தான் போடுவேன் என்பவர்கள், பாதிக்குப் பாதி சாதாரணக் கோதுமை கலந்துகொள்ளலாம்.

அளவு

12 புல்காவுக்கு, அதாவது மூன்று பேருக்கு:

ஆட்டா 250 கிராம்
தண்ணீர் 170 முதல் 185 மில்லி
உப்பு அரை டீஸ்பூன்
எண்ணெய் 2 டீஸ்பூன் (விரும்பினால்)

தராசு இல்லையென்றால் ஏதாவது ஒரு டம்ளரில் தலைதட்டி இரண்டு டம்ளர் மாவு, அதே டம்ளரில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். மாவின் எடையில் 70 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் என்பதே கணக்கு. புதிதாகச் செய்பவர்கள் ஏறத்தாழ எல்லோருமே இதைவிடக் குறைவாக ஊற்றுகிறார்கள். காரணம் எளிது: கையில் ஒட்டும் மாவைக் கண்டு பயம். ஒட்டுவது முதல் ஐந்து நிமிடம்தான். தவிடு மெதுவாகத்தான் தண்ணீரை இழுக்கும். அதுவரை மாவு பிசுபிசுவென்று இருக்கும். அந்த நேரத்தில் பயந்து மேலும் ஒரு கைப்பிடி மாவு தூவினால், ஊறி முடிக்கும்போது உருண்டை கட்டியாகிவிடும்.

எல்லாத் தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றவும் வேண்டாம். 150 மில்லி முதலில், மீதியை ஸ்பூன் ஸ்பூனாக. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை மாவே குடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று ஸ்பூன் குறைவாகவே போதும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் பகுதியில் இருப்பவர்கள் கேன் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ பிசையுங்கள்.

எண்ணெய் குளூட்டன் இழைகளுக்கு நடுவே புகுந்து அவை இறுக்கமாகப் பிணையாமல் தடுக்கிறது. கடிக்க மெதுவாக இருக்கும். நெருப்பில் உப்பும் புல்காவுக்கு அது இல்லாமலும் நடக்கும். அளவு மீறினால் பிஸ்கட் மாதிரி நொறுங்க ஆரம்பிக்கும். பால் சேர்த்தால் சீக்கிரம் சிவக்கும், மென்மையும் வரும், ஆனால் பிசைந்த மாவு வெளியில் தாங்காது. தயிர், மசித்த வாழைப்பழம், வெந்த உருளைக்கிழங்கு எல்லாம் வேலை செய்யும் கைவைத்தியங்கள்தான். தண்ணீர்க் கணக்கு சரியாக இருந்தால் ஒன்றும் தேவைப்படாது.

வெந்நீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமையின் மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வீங்கிக் கூழாகித் தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. அதனால் வெந்நீரில் பிசைந்த சப்பாத்தி மதியம்வரை மெதுவாக இருக்கும். ஆனால் முழுக்கக் கொதிநீரை ஊற்றினால் புரதமும் வெந்து வலை பலவீனமாகும், தேய்க்கும்போது கிழியும். டிபன் பாக்ஸுக்குச் செய்கிறவர்கள் மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மீதியைச் சாதாரணத் தண்ணீராகச் சேர்க்கலாம். பல் இல்லாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இது உதவும்.

பிசைவது, ஊறவைப்பது

மாவையும் உப்பையும் கலந்து, தண்ணீர் ஊற்றி, காய்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்கு மட்டும் திரட்டி, மூடி 10 நிமிடம் விட்டுவிடுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. தண்ணீரும் புரதமும் சேர்ந்துவிட்டால் வலை தானாகவே பாதி உருவாகிவிடும், நம் தோள்பட்டைக்கு வேலை குறையும். அதன்பின் எண்ணெய் விட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி, ஐந்தாறு நிமிடம் பிசைந்தால் போதும். மேல்பக்கம் வழுவழுவென்று ஆகும், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மாவையெல்லாம் உருண்டையே துடைத்து எடுத்துக்கொள்ளும்.

பிறகு ஈரத் துணியோ மூடியோ போட்டு 20 முதல் 30 நிமிடம் ஊற வேண்டும். பிசைந்ததில் விறைத்த வலை இந்த நேரத்தில் தளர்கிறது, தவிடு தன் பங்குத் தண்ணீரைக் குடித்து முடிக்கிறது. விரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே துள்ளி மூடிக்கொண்டால் இன்னும் ஊறவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும். குழி மெதுவாகப் பாதி மேலே வந்து நின்றால் தயார். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிவிட்டது; ஒரு ஸ்பூன் மாவு தூவி மறுபடி பிசைந்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

கத்திரி வெயிலில் பிசைந்த மாவை வெளியில் ஒரு மணி நேரத்துக்குமேல் விட வேண்டாம், புளிக்கத் தொடங்கும். ஃப்ரிஜ்ஜில் வைப்பதென்றால் மேலே எண்ணெய் தடவிக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வரை. மறுநாள் மாவு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். தவிட்டில் இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது, நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான். நிறத்தை விட்டுவிட்டு முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடை இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

தேய்ப்பது

மொத்த மாவு 430 கிராம் சொச்சம் வரும். 12 உருண்டையாகப் பிரித்தால் ஒன்று 36 கிராம். அதை 16 சென்டிமீட்டர் விட்டத்துக்குத் தேய்த்தால் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் கிடைக்கும். புல்காவுக்கு அதுவே நல்ல தடிமன். இதைவிட மெல்லியதாகப் போனால் இரண்டு தோலுக்கு நடுவில் ஆவியாக ஈரமே இருக்காது, அப்பளம்தான் மிஞ்சும். தடித்தால் நடு வேகாது.

உருண்டையில் வெடிப்பு இருந்தால் அது வட்டத்தின் ஓரத்தில் பிளவாக வந்து நிற்கும். அதனால் உள்ளங்கைக்கு நடுவே அழுத்தி உருட்டி, மடிப்புகளை அடிப்பக்கம் கொண்டுபோய்க் கிள்ளி மூடிவிடுங்கள். தட்டையாக்கி, இருபுறமும் காய்ந்த மாவில் ஒற்றி, உதறிவிட்டுப் பலகையில் வையுங்கள். உதற மறப்பவர்கள்தான் அதிகம். மேலே ஒட்டிய காய்ந்த மாவு சப்பாத்தியின் ஈரத்தை உறிஞ்சும். கல்லில் உதிர்ந்து கருகும். அந்தக் கரி அடுத்த சப்பாத்தியில் கசப்பாக ஒட்டும். 12 புல்காவுக்குத் தொட்டுக்கொள்ள 3 டேபிள்ஸ்பூன் மாவு தாராளம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிசைந்ததில் தண்ணீர் கூடியிருக்கிறது என்று பொருள்.

கட்டையை நடுவில் வைத்து அழுத்தாதீர்கள். அழுத்தம் ஓரத்தை நோக்கி இருக்க வேண்டும். பழகிய கைகளைப் பார்த்தால் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவது தெரியும். சப்பாத்தி கட்டைக்கடியில் தானாகச் சுற்றிவரும். புதிதாகச் செய்பவர்கள் இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை கையால் கால்வட்டம் திருப்பினாலே போதும். தேசப்படம் மாதிரி வந்தாலும் கவலையில்லை. வட்டம் தப்பினால் பேச்சு மட்டும்தான் கேட்க வேண்டியிருக்கும். தடிமன் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் உப்பவே உப்பாது, ஏனென்றால் மெல்லிய இடம் முதலில் காய்ந்து வெடித்து ஆவியை விட்டுவிடும். தேய்த்து முடித்ததும் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் நடு மெலிந்து ஓரம் தடித்திருக்கும். கட்டையை ஓரத்தில் மட்டும் ஒருமுறை லேசாக ஓட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம் ஃபேன். மே மாதத்துச் சென்னை அடுக்களையில் ஃபேன் இல்லாமல் நிற்கச் சொல்வது கொடுமை, ஆனால் ஓடும் ஃபேனுக்கு அடியில் தேய்த்து வைத்த வட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் மேல்தோல் காய்ந்துவிடும். காய்ந்த தோல் நீளாது, வெடிக்கும். மொத்தத்தையும் தேய்த்து அடுக்கிவிட்டு அடுப்பு பற்றவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்று கல்லில் வேகும்போது அடுத்ததைத் தேய்ப்பதுதான் சரியான தாளம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தேய்க்க ஒருவர் போடலாம். மீதி உருண்டைகள் எப்போதும் மூடியே இருக்கட்டும்.

கல்லும் நெருப்பும்

இரும்புக் கல் அல்லது வார்ப்பிரும்புக் கல் நல்லது. குளிர்ந்த மாவு விழுந்தாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. நான்ஸ்டிக் தவாவைப் புல்காவுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சிதையத் தொடங்கும், எண்ணெய் இல்லாத வெறும் தவா பெரிய தீயில் அந்தச் சூட்டைச் சீக்கிரம் எட்டிவிடும்.

கல்லை நடுத்தரத்தைவிடச் சற்றுக் கூடுதலான தீயில் வைத்து மூன்று நான்கு நிமிடம் காயவிடுங்கள். ஒரு சிட்டிகை மாவு தூவிப் பார்க்கலாம். நிறம் மாறாமல் கிடந்தால் சூடு போதாது. விழுந்த வேகத்தில் கறுத்துப் புகைந்தால் அதிகம். பத்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் சரி. மாவைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் பக்கம் 15 முதல் 20 வினாடி. நிறம் மங்கி, சின்னச் சின்னக் கொப்புளம் எழும்போதே திருப்பிவிட வேண்டும். இங்கே சிவக்கும்வரை காத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. முதல் பக்கம் அரைவேக்காடாக, இன்னும் நீளக்கூடியதாக இருந்தால்தான் பிறகு ஆவி தள்ளும்போது அது விரிந்து கொடுக்கும். இரண்டாம் பக்கம் 30 முதல் 40 வினாடி, அடியில் பழுப்புப் புள்ளிகள் வரும்வரை. பிறகு இடுக்கியால் எடுத்து, கல்லை நகர்த்திவிட்டு, முதல் பக்கம் கீழே இருக்கும்படி நேராகத் தீயில் காட்டுங்கள். சில வினாடியில் ஒரு மூலையில் குமிழ் எழுந்து முழுதும் பரவும். மறுபக்கம் தீயில் ஒரு கணம் காட்டி எடுத்துவிடலாம். கல்லில் விழுந்ததிலிருந்து தட்டுக்கு வரும்வரை ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

இடுக்கியால் இறுக்கிப் பிடித்தால் அந்த இடம் கிழிந்து ஆவி போய்விடும், ஓரத்தை லேசாக மட்டும் பிடியுங்கள். உப்பிய புல்காவைக் கையால் அழுத்துவதும் வேண்டாம். உள்ளே இருப்பது கொதிக்கும் ஆவி, ஓட்டை வழியாக விரலில் பாய்ந்தால் கொப்பளிக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருக்கும் பேச்சிலர் அறைகளில் தீ கிடையாது. பரவாயில்லை. இரண்டாம் பக்கம் வெந்ததும் மறுபடி திருப்பி, சுருட்டிய பருத்தித் துணியால் ஓரங்களை லேசாக அழுத்திச் சுற்றுங்கள். அழுத்திய இடம் கல்லோடு ஒட்டி வேகமாகச் சூடாகும், எழும் ஆவி அழுத்தாத பக்கம் ஓடி அதைத் தூக்கும். குமிழ் எந்தப் பக்கம் எழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அழுத்திக்கொண்டே போனால் முழுதும் உப்பிவிடும்.

உப்பவில்லை என்றால்

தட்டில் விழுந்த சப்பாத்தியே காரணத்தைச் சொல்லும். ஒரே இடத்தில் மட்டும் பெரிய குமிழ் எழுந்து மற்ற இடம் தட்டையாக இருந்தால் தடிமன் சமமில்லை. குமிழ் எழும்போதே “புஸ்” என்று ஆவி பீறிட்டு அடங்கினால் எங்கோ கிழிசல் இருக்கிறது; தோசைக் கரண்டியால் அந்த இடத்தை உடனே அழுத்திப் பிடித்தால் சில நேரம் காப்பாற்றலாம். குமிழே இல்லாமல் வெளிறி, விறைப்பாக, தட்டையாக வந்தால் கல் சூடாகவில்லை. குறைந்த தீயில் சப்பாத்தி வேகவில்லை, காய்கிறது. மேலே கருகி உள்ளே பச்சை மாவு ருசி இருந்தால் தீ அதிகம், அல்லது தடிமன் அதிகம். மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பிப் போட்டாலும் உப்பாது, ஏனெனில் ஒவ்வொரு திருப்பலிலும் கொஞ்சம் சூடும் ஈரமும் போகின்றன. முதல் ஒன்று மட்டும் சொதப்பி அடுத்தவை நன்றாக வந்தால் மாவில் குறையில்லை, கல் அப்போதுதான் சூட்டுக்கு வந்திருக்கிறது.

எல்லாம் உப்பி, அரை மணியில் விறைத்தால் பார்வையைப் பிசைந்த இடத்துக்குத் திருப்புங்கள். அடுத்த முறை இரண்டு ஸ்பூன் தண்ணீர் கூட்டுங்கள்.

மடித்துப் போடும் சப்பாத்தி

வட இந்தியர்கள் அதிகம் வாழும் சௌகார்பேட்டைப் பக்கம் வீடுகளில் புல்காவில் நெய் தடவி அடுக்குவார்கள். நம் பக்கத்து ஹோட்டலில் ஒரு செட் சப்பாத்தி குருமா என்று கேட்டால் வருவது வேறு: எண்ணெய் விட்டுச் சுட்ட, ஏடு ஏடாகப் பிரியும் சப்பாத்தி. வீட்டில் அதற்கு உருண்டை கொஞ்சம் பெரிதாக, 48 கிராம் அளவில், மேலே சொன்ன மாவில் 9 வரும். உள்ளங்கை அகலம் தேய்த்து, அரை டீஸ்பூன் எண்ணெய் தடவி, மேலே துளி மாவு தூவி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, அந்த முக்கோணத்தைத் தேய்க்க வேண்டும். எண்ணெய் நடுவில் இருப்பதால் மாவு ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆவி ஒரே பெரிய குமிழாக எழாமல் ஏடுகளுக்கு இடையே புகுந்து பிரிக்கும். அழுத்தித் தேய்த்தால் ஏடுகள் மறுபடி ஒட்டிப்போகும், கை லேசாக இருக்கட்டும். இதைத் தீயில் காட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் எண்ணெய் இல்லாமல் அரைவேக்காடு வந்த பிறகுதான் சுற்றிலும் எண்ணெய் விட வேண்டும். பச்சை மாவில் முதலிலேயே எண்ணெய் விட்டால் வேகும்முன் பொரிந்து மேல்தோல் விறைக்கும்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 36 கிராம் உருண்டையில் இருப்பது சுமார் 20 கிராம் மாவு, ஏறத்தாழ 70 கலோரி. அரிசியும் கோதுமையும் எடைக்கு எடை கலோரியில் பெரிதாக வேறுபடுவதில்லை. அரிசியை விட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஐந்து சாப்பிட்டால் கணக்கு சோற்றைத் தாண்டிவிடும்.

சுட்டபின்

கல்லிலிருந்து எடுத்த சப்பாத்தி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். திறந்த தட்டில் ஃபேனுக்கடியில் வைத்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அப்படியே ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் மூடியில் வேர்த்து, தண்ணீர் சொட்டி, அடியில் இருப்பது கொழகொழத்துவிடும். நடுவழி: ஹாட் பாக்ஸில் பருத்தித் துணி விரித்து, ஒவ்வொன்றையும் கையில் அரை நிமிடம் ஆவி அடங்கவிட்டு அடுக்கி, துணியை மேலே மடித்து மூடுவது. அதிக ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும், பிறகு மெல்லத் திருப்பித் தரும். மேலே தடவும் சொட்டு நெய் ருசிக்கு மட்டும் இல்லை, ஈரம் வெளியேறுவதையும் தாமதப்படுத்துகிறது. ஆபீசுக்குக் கொண்டுபோவதானால் இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, துணியிலோ பட்டர் பேப்பரிலோ சுற்றி வையுங்கள். சுடச்சுட ஃபாயிலில் சுற்றினால் வேர்த்துப்போகும்.

மிஞ்சிய சப்பாத்தியை ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது அதற்குச் செய்யும் துரோகம். வெந்து வீங்கிய மாவுச்சத்து ஆறும்போது மறுபடி ஒழுங்காக அடுக்கி இறுகுகிறது, தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இந்த இறுக்கம் 4 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஃப்ரீஸரில் அது ஏறத்தாழ நின்றுவிடும். ராணுவத்துக்காக மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தியை மைசூரில் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கியது; வீட்டில் நமக்குக் கைகொடுப்பது ஃப்ரீஸர்தான். மொத்தமாகச் செய்பவர்கள் இரண்டு பக்கமும் 20 வினாடி மட்டும் வாட்டி, ஆறியதும் நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும். வேண்டும்போது எடுத்து நேராகச் சூடான கல்லில் போட்டால் மீதி வெந்து உப்பவும் செய்யும். முழுதாக வெந்து விறைத்ததை மீட்க, தண்ணீர் தொட்ட கையால் இருபுறமும் தடவி, சூடான கல்லில் பக்கத்துக்கு 15 வினாடி. இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி தளரும். உடனே சாப்பிட வேண்டும், இரண்டாம் முறை ஆறினால் முன்பைவிட மோசமாக விறைக்கும்.

கடைசியாக, கல். தோசைக்கும் சப்பாத்திக்கும் ஒரே கல்லை வைத்திருக்கும் வீட்டில் மறுநாள் காலைத் தோசை கல்லைவிட்டு எழாது. கல்லில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பக்குவம் வெறும் சூட்டில் எரிந்துபோவதும், உதிர்ந்த மாவு கருகி ஒட்டுவதும்தான் காரணம். சப்பாத்திக்குத் தனியாக ஒரு சின்னக் கல் வாங்கிவிடுவது நல்லது. 25 சென்டிமீட்டர் போதும். ஒரே கல்தான் என்றால், ஒவ்வொரு சப்பாத்திக்கும் இடையில் காய்ந்த துணியால் உதிர்ந்த மாவைத் துடைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்து கல் கைச்சூட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, சன்னமாக நல்லெண்ணெய் தடவி வையுங்கள். காலையில் முதல் தோசைக்கு முன் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள்.